வலது தோளும் கிணற்றுக் கப்பியும்

1935 மார்ச் 4, திங்கள்

உடம்பு தான் கற்றுக்கொண்டதை எத்தனை நாளில் மறக்கும்? எனக்குத் தெரியவில்லை. கப்பலேறி இங்கே வருமுன், சென்னையில் பி.ஏ. படித்தபோது தசைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். இந்தக் கேள்வி அந்தத் தாளில் வரவில்லை.

இன்றோடு கோயில் ஹாலைப் பூட்டுகிறார்கள். பாஸ்குவுக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசுகாலம் முடியும்வரை அங்கே நாடகம், கச்சேரி எதுவும் கூடாது. எங்கள் பெண்களின் தேகப்பயிற்சி வகுப்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வகுப்பை நடத்தும் டோரதி நர்ஸ், இருபத்தாறு வயது, யாரிடமும் பயம் கிடையாது. நேரே போய்ப் பங்குச் சாமியாரிடம் கேட்டிருக்கிறாள், இதுவும் கேளிக்கையா என்று. "சிரிச்சுக்கிட்டே செய்றீங்களே, அப்புறம் என்ன?" என்றாராம்.

இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமைதான் திறப்பு. ஏழு வாரம்.

கடைசியாக ஒருமுறை ஹாலின் உயரக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். டோரதியின் கைக்கடிகாரத்தில் நாற்பத்திரண்டு வினாடி.

மார்ச் 5, செவ்வாய்

பயத்தை எழுதிவைத்தால் குறையுமா? பார்ப்போம்.

மூன்று வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்தின் ஈரப் படிக்கட்டில் விழுந்தேன். வலது தோள். கட்டுப் பிரித்த டாக்டர், கை இனிமேல் தோளுக்கு மேல் எழும்பாது என்றார். "கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார், ஆறுதலாக. ஒரு வருஷம் அப்படியே எழுதினேன். கடைசி வரிசைப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் டோரதியின் வகுப்பு. முதல் நாள் கம்பியைத் தொடக்கூட முடியவில்லை. இப்போது கை காதை ஒட்டி நிற்கிறது.

ஆனால் என் உத்தியோகக் கோப்பில் 'நிரந்தரக் குறை' என்று இருக்கிறது. ஜூனில் எனக்கு ஐம்பது. அதற்குமேல் வேலையில் நீடிக்க வைத்தியப் பரிசோதனை உண்டு. இன்று தேதி வந்தது: ஏப்ரல் 23, காலை பத்து மணி. ஹால் திறப்பதும் அன்று மாலைதான்.

போன வருஷம் பத்து நாள் சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்தபோது கை பாதிதான் ஏறியது. பத்து நாளுக்கு அப்படி. ஏழு வாரத்துக்கு?

மார்ச் 6, விபூதிப் புதன்

அடுக்களைச் சுவரோரம் நின்று வலது கையை முடிந்தமட்டும் உயர்த்தி, விரல் நுனி தொட்ட இடத்தில் கரியால் கோடு போட்டேன். பக்கத்தில் தேதி. இனி வாரம் ஒரு கோடு. கோடு இறங்கினால் தெரிந்துவிடும்.

கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். நிலை முனகியது. விட்டுவிட்டேன்.

மார்ச் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பின்கட்டில் ஐந்து வீட்டுக்கும் பொதுவான கிணறு. கப்பி என் தலைக்கு மேலே ஒரு முழம். கயிற்றைக் கப்பியை ஒட்டிப் பிடித்து, இடுப்புவரை இழுத்து, மறு கையை மேலே கொண்டுபோக வேண்டும். ஹாலில் டோரதி செய்யச் சொல்வதும் இதேதான். ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீர் வருகிறது.

இன்று பதினைந்து வாளி.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் வள்ளியம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"கைய மேல தூக்கி இழுக்காதீங்க டீச்சரம்மா. இடுப்ப வளைச்சு இழுங்க. இப்படி இழுத்தா நாளைக்குத் தோளு வலிக்கும்."

"வலிக்கட்டும். அதுக்குத்தான்."

அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து, "நாங்க தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்குறோமே, அந்த மாதிரி வேண்டுதலா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்றேன். நம்பவில்லை.

மார்ச் 13, புதன்

இருபத்தைந்து வாளி. கோடு முந்தைய கோட்டின் மேலேயே விழுந்தது. இறங்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

பதினோராவது வாளியில் கண் இருண்டது. கிணற்றுக் கட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். நோன்பு நாளில் மதியம் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. காலையில் ஒரு டம்ளர் காப்பி. வள்ளியம்மா கஞ்சியோடு ஓடிவந்தாள். குடிக்கவில்லை. பக்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

இனி விடியற்காலை வேண்டாம். பள்ளிவிட்டு வந்து மாலை ஐந்து மணிக்கு. மதியச் சோறு அப்போது உடம்பில் இருக்கும்.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் என்னைப் பார்த்தது வள்ளியம்மா ஒருத்திதான். மாலையில் ஐந்து வீடும் பார்க்கிறது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

மழை பெய்து ஒரு மாதமாகிறது. தெருக்குழாயில் தண்ணீர் நூல்போல வடிகிறது. கிணற்றில்தான் இருக்கிறது. இறைத்ததைக் கொட்டவா முடியும்? கிணற்றடியில் இருந்த ரோசம்மாவின் தவலையை நிரப்பி வைத்தேன். ரோசம்மா அடுத்த வீடு, கணவன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, ஐந்து பிள்ளைகள். பேச்சில் மலாய்க்காரர்களின் 'லா' ஒட்டியிருக்கும்.

மார்ச் 21, வியாழன்

இன்று நான்கு வீட்டுக் குடங்கள் வரிசையாக. யாரும் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாற்பது வாளி.

ரோசம்மா வேலியோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், என்ன நேர்ச்சைன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா எங்க வீட்டுக்காக ஒரு வார்த்தை சொல்லிக்குங்க."

"நேர்ச்சை ஒண்ணும் இல்ல ரோசம்மா. எனக்குத் தோள் பிடிச்சுக்கும். அதுக்காக இறைக்கிறேன்."

"ஆமா லா, செய்றத வெளிய சொன்னா பலன் போயிடும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொன்னால் அடக்கம் என்கிறார்கள். இதற்கு மேல் என்ன சொல்வது?

மார்ச் 27, புதன்

ஐம்பது வாளி. கோடு அரை விரற்கடை ஏறியிருக்கிறது. இரண்டு தடவை அளந்தேன். சாய்ந்து நின்றேனோ என்று சந்தேகப்பட்டுக் குதிகாலைச் சுவரோடு ஒட்டி மூன்றாவது தடவையும் அளந்தேன். ஏறித்தான் இருக்கிறது.

ராத்திரி படுக்கும்போது தனியாகச் சிரித்தேன். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

பிரசங்கத்தில் நான்!

சாமியார் பெயர் சொல்லவில்லை. "நம்ம பங்கிலே ஒரு படித்த பெண்மணி, ஐம்பது வயதிலே, அண்டை வீட்டாருக்குத் தண்ணி இறைத்துத் தபசு செய்கிறார்." பெண்கள் பக்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முக்காட்டை இழுத்துவிட்டேன். ஐம்பது இன்னும் ஆகவில்லை, அது வேறு.

பூசை முடிந்ததும் சாமியார் உடை மாற்றும் சக்ரீஸ்து அறைக்குப் போனேன். "சாமி, அது தபசு இல்லை. ஹாலை நீங்கள் பூட்டிவிட்டீர்கள். எனக்கு ஒரு கம்பி வேண்டியிருந்தது, கிணறு கிடைத்தது."

அவர் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "குடங்கள் நிரம்புதா இல்லையா?"

"நிரம்புகிறது. ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பொய்."

"அடுத்த ஞாயிறு திருத்திச் சொல்லட்டுமா? எல்லாரும் சிரிப்பாங்க."

ஒரு நிமிஷம் — சும்மா விட்டால் என்ன, யாருக்கு நஷ்டம், என் வாழ்க்கையில் யார் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள்?

"சொல்லுங்கள்" என்றேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சொன்னார். "அந்த அம்மா தன் தோள்பட்டைக்காகத்தான் இறைக்கிறாராம். அவரே வந்து திருத்தச் சொன்னார்." சிரித்தார்கள். ஆண்கள் பக்கம் அதிகமாக. நான் நேராக உட்கார்ந்திருந்தேன்.

நாளை கிணற்றடி காலியாக இருக்கும். இரண்டு வாரம் என் வீட்டுத் தொட்டியை நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டியதுதான்.

ஏப்ரல் 8, திங்கள்

பதினோரு குடம்! நேற்றுவரை ஏழு.

ரோசம்மா குடங்களுக்கு நடுவே நின்றாள். "இத்தனை நாளா கூச்சமா இருந்துச்சு டீச்சர், புண்ணியவதி கையில வேலை வாங்குறோமேன்னு. இப்ப என்ன, உங்களுக்குத் தோளு, எங்களுக்குத் தண்ணி. முன்னாடியே சொல்லியிருக்கலாம் லா."

"சொன்னேனே."

"நீங்க சொன்னா யாரு நம்புவா?"

எழுபது வாளி. நடுவில் உட்காரவில்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

இன்று இறைக்கவில்லை. நடுப்பகல் ஆராதனையில் முழங்காலில் நீண்ட நேரம். தோள் தானாகவே அசைந்து பார்த்துக்கொண்டது.

ஏப்ரல் 20, சனி

வள்ளியம்மா என்ன செய்துவைத்திருக்கிறாள்! பாஸ்குவுக்கு வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று, நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அடுக்களைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். ஆறு வாரக் கோடுகள். ஒன்றுகூட இல்லை.

கத்திவிட்டேன். "யாரைக் கேட்டு அடிச்சே? அது அழுக்கா? என் கணக்குடி அது!"

"கரி தீத்தியிருந்துச்சும்மா... பெருநாளாச்சேன்னு..." கையெல்லாம் சுண்ணாம்பு. அவளாகவே வாங்கிவந்து அடித்திருக்கிறாள். அப்புறம் நானே காப்பி போட்டு அவளுக்கு ஊற்றிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வருவதில்லை.

வெள்ளைச் சுவரோடு நின்று கையை உயர்த்தினேன். எவ்வளவு உயரம்? போன வாரத்தைவிட மேலேயா, கீழேயா? தெரியவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

நாளை பத்து மணி.

கை காதைத் தொடுகிறது. எனக்குத் தொடுவதாகத் தோன்றுகிறது. நினைப்புக்கும் அளவுக்கும் உள்ள தூரத்தைப் பற்றி இருபத்து மூன்று வருஷமாகப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். நாளை டாக்டர் அளப்பார். அதையே எழுதுவேன், எதுவாக இருந்தாலும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நடந்தது இது.

டாக்டர் புதியவர், சின்ன வயது. கண், நெஞ்சு, நாடி பார்த்தார். கோப்பைப் புரட்டினார். "மிஸ் பாக்கியநாதன், வலது தோள் நிரந்தரம் என்று இருக்கிறது. அதைச் சோதித்து உங்களுக்கு வலி கொடுக்க வேண்டாம். அப்படியே எழுதிக்கொள்கிறேன்." பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் ஆபத்து.

"எழுதுமுன் பாருங்கள்" என்றேன். எழுந்தேன். சுவரோடு குதிகாலை ஒட்டி நின்றேன். உயர்த்தினேன்.

அவர் பேனாவை வைத்தார். அளவுகருவியை எடுத்துவந்து தோளில் வைத்தார். இடது கையையும் உயர்த்தச் சொன்னார். இரண்டையும் அளந்தார். மறுபடி அளந்தார்.

"கோப்பு மாறிவிட்டதா? இது வேறு யாருடையதோ?"

"கோப்பு என்னுடையது. கையும் அதே கைதான்."

'நிரந்தரக் குறை'யைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் 'முழு அசைவு' என்று எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். வாத்தியார் புத்தி. சிரித்துக்கொண்டே போட்டார்.

ஐம்பத்தைந்து வயதுவரை வேலை உண்டு.

மாலை ஹால். தூசி வாசனை. கம்பியில் லேசாகத் துரு. டோரதி துடைத்துக் கொடுத்தாள். பிடித்தேன். நாற்பதில் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு திரும்ப எண்ணத் தொடங்கினாள். கைக்கடிகாரத்தில் எழுபத்து மூன்று வினாடி.

"டீச்சர்! ஏழு வாரமா எந்த ஹாலுக்குப் போனீங்க? உண்மையச் சொல்லுங்க!"

"உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் நம்ப மாட்டார்கள்" என்றேன்.

ஏப்ரல் 24, புதன்

இரவு நல்ல மழை. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. தபசும் முடிந்தது, பரிசோதனையும் முடிந்தது. யாருக்கும் இனிக் கிணறு தேவையில்லை. இருந்தாலும் ஐந்து மணிக்குக் கால் அங்கேதான் போயிற்று.

கிணற்றடியில் குடம் ஒன்றுமில்லை. ரோசம்மா கயிற்றைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், முந்தானையை இடுப்பில் செருகி.

"தள்ளி நில்லுங்க டீச்சர். அஞ்சு பெத்த தோளு, எனக்கும்தான் வலிக்குது."

"இடுப்ப வளைச்சு இழு!" என்று வாசலிலிருந்து வள்ளியம்மா கத்தினாள்.

"வேண்டாம் ரோசம்மா, கையை மேலே கொண்டுபோ" என்றேன் நான். "இன்னும் மேலே."

ரோசம்மா பதினைந்து வாளி. மற்றவர்கள் பத்துப் பத்து. நான் கடைசியாக எழுபது. எல்லாத் தண்ணீரையும் ரோசம்மாவின் வாழைக்கு ஊற்றினோம்.