உனக்குக் கேட்ட பூ

அக்ரஹாரம், மைசூர்
12-11-1997, புதன்

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு அத்தை கனகலக்ஷ்மி மனசார ஆசீர்வாதம் பண்ணி எழுதறது. சாமுண்டித் தாயார் புண்ணியத்துல உடம்புக்கு ஒண்ணுமில்லை. மனசுதான் ஒரு நிலையில இல்லை.

நீ மங்களூர்லேர்ந்து அனுப்பின நோட்டீஸ் வந்தது. எதிராத்து மேதா படிச்சுக் காட்டினா. உங்க கடலோரப் பேட்டையில கடல் மெஷின் பண்ற பதினாலு புதுக் கம்பெனியும் இருபத்திமூணாம் தேதி ஞாயித்துக்கிழமை ஜனங்களுக்குக் கதவைத் திறந்து விடறதாமே. பள்ளிக்கூடக் கொழந்தைகளுக்குப் போட்டி, மீன் பிடிக்கறவாளுக்கு ஆழம் பாக்கற மெஷின், சாயங்காலம் யக்ஷகானம். எல்லாம் பேஷ். கடைசியில நீயும் உன் கூட்டாளி மஞ்சுநாதும் பண்ணின இரும்புக் கூண்டுல ஒரு ஆளை வச்சு மூடி, கடலுக்குள்ள இறக்கப்போறதா போட்டிருக்கே, அங்கதான் மேதாவை நிறுத்தி இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன்.

தீபாவளிக்கு அவனோட வந்தப்போ நான்தான் இறங்குவேன்னு பிடிவாதம் பிடிச்சே. மூடி ரப்பர்ல இன்னும் கசியறதுன்னு நீ அவன்கிட்ட மெதுவாச் சொன்னது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுது. அதான் பூக்கட்டிப் பாக்கறேன், வெள்ளை வந்தா இறங்கு, செவப்பு வந்தா கூடாதுன்னு சத்தியம் கேட்டேன். மங்களூர் கடல்ல சாமுண்டிக்கு அதிகாரம் உண்டான்னு கேலி பண்ணினே, ஆனாலும் கையில அடிச்சுக் குடுத்தே. தாயார் முன்னாடி கட்டி வச்ச ரெண்டு பொட்டலத்துல மேதா ஒண்ணை எடுத்தா. நான் பூஜை அறைக்குள்ளயே பிரிச்சுப் பாத்துட்டு, வெளியில வந்து செவப்புன்னேன்.

செவப்பு இல்லைடா கண்ணா. வெள்ளைதான் வந்தது. உங்கப்பா வைத்யநாதன் ஆஸ்பத்திரியில உன் கையை என் கையில வச்சுட்டுப் போனான். அந்தக் கையை எப்படிடா தண்ணிக்குள்ள விடறது?

உனக்குப் பதிலா மஞ்சுநாத் இறங்கறான்னு தெரிஞ்சப்போ, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா சென்னம்மா வந்தா. உங்க சாமி உள்ளதைச் சொல்றது கனகம்மா, என் மகனுக்கும் கேளுங்கன்னு கன்னடத்துல கெஞ்சினா. மாட்டேன்னா ஏன்னு கேப்பா. கேட்டுச் செவப்பு வந்துட்டா? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையையே வச்சுக் கட்டிட்டேன். அவளே எடுத்தா, அவளே பிரிச்சா. என் கால்ல விழுந்துட்டா ஜெயகிருஷ்ணா. என்னைவிட ரெண்டு வயசு பெரியவ.

அன்னிலேர்ந்து விளக்கேத்தப் போனா தாயார் முகத்தைப் பாக்க முடியலை. வெள்ளை வந்தது உனக்கு. அவனுக்கு நிஜமா யாரும் கேக்கவே இல்லையே. போன்ல சொல்லிடலாம்னு எஸ்டிடி பூத்துக்குப் போனா, சென்னம்மாவும் பிள்ளையோட பேசணும்னு கூடவே வந்து நின்னா. நான் மைசூர்பாகு வந்துதான்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

நீ இறங்குன்னு எழுதப் பேனா வரலை. அவன் இறங்கட்டும்னும் எழுத முடியலை. இந்தக் கடுதாசியை மஞ்சுநாதுக்குக் கன்னடத்துல சொல்லு. என்னைத் திட்டினா திட்டட்டும். முதல்ல ஆளில்லாம மணல் மூட்டையை வச்சு இறக்கிப் பாருங்கோ. வந்த ஜனங்கள் சிரிச்சா சிரிக்கட்டும்.

அன்னிக்குக் காத்தாலேர்ந்து நான் சென்னம்மா ஆத்துலதான் இருப்பேன். யார் இறங்கினாலும், கூண்டு மேல வந்த உடனே அவா பக்கத்தாத்து நம்பருக்குப் போன் பண்ணு. என்னைக் கூப்பிடாதே. சென்னம்மாவைக் கூப்பிடச் சொல்லு.

உங்க ரெண்டு பேர் தலையிலயும் கை வச்சு,
அத்தை கனகலக்ஷ்மி