டச்சப் செய்த படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். அப்பா நலமில்லை, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. நேற்று ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டாவது மாடியில் ஒரு குலுக்குக் குலுக்கியது. வீட்டுப் படி பன்னிரண்டையும் ஏற மூன்று இடத்தில் உட்காருகிறவர், கதவுச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று ஆபரேட்டருக்குப் பாடம் எடுத்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர், சும்மா வருவாரா?

ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, அதற்காக முன்பின் தெரியாதவர்களிடம் கை நீட்ட வேண்டுமா, அப்பாவை நிம்மதியாக விடக் கூடாதா என்று எழுதியிருந்தாய். அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து இதயத்தில் செலுத்துவார்களாம். பலன் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். செய்யாவிட்டால் எத்தனை நாள் என்றாவது உறுதி தருவீர்களா என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குப் பெயர் நிம்மதி என்றால், அது எனக்கு வேண்டாம்.

சிகிச்சைக்குப் பணம் கேட்டிருந்த அறக்கட்டளை முதலில் மறுத்துவிட்டது. தப்பு என்னுடையது. மனுவோடு படம் கேட்டார்கள். நம் ஸ்டுடியோவிலேயே எடுத்தேன். யார் முகம் வந்தாலும் டச்சப் செய்தே பழகிய கை. கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுத்தேன், கன்னத்து வீக்கத்தைக் குறைத்தேன், உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்பிவிட்டேன். இவரைவிட மோசமான நிலையில் பலர் காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பழக்க தோஷம் என்று அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் என்ன மறைப்பது? அந்த முகத்தை அப்படியே பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேரில் போய் உண்மையைச் சொன்னேன். செயலாளர் அம்மா நல்லவர்தான். படுக்கையில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், பார்த்தால்தான் கொடுப்பவர்களுக்கு மனம் இளகும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்து கேமராவை எடுத்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"நோயைப் பாக்கணும்னா ரிப்போர்ட்டப் பாக்கட்டும். மூஞ்சி என்னோடது."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது; படம் எடுக்காமலே கேமராவை மூடி வைத்தேன். டச்சப் செய்த அதே பழைய படத்தின் மேல் ரிப்போர்ட்டைக் குத்திக்கொண்டு மறுபடி போனேன். இந்தப் படத்தைப் பார்த்து யாரும் தர மாட்டார்கள் என்றார் செயலாளர். இவர் திரும்ப இப்படி ஆவதற்குத்தான் கேட்கிறோம் என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள் என்றேன். பேனாவை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார். பன்னிரண்டு நாளில் சம்மதக் கடிதம் வந்தது.

பதினான்காம் தேதி சிகிச்சை. படத்தின் ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். பெரிதாக்கிச் சுவரில் மாட்டிவிடாதே, பையில் வைத்துக்கொள். அவர் எழுந்து வந்ததும் புதிதாக ஒன்று எடுப்பேன். அதில் ஒரு கோடு கூட டச்சப் செய்ய மாட்டேன். பக்கத்தில் நீ நிற்க வேண்டும்.

பதின்மூன்றாம் தேதிக்குள் வந்துவிடு. பிறகு எடுக்கப்போகிற படத்துக்கு முன்னாலேயே ஏன் வர வேண்டும் என்று மட்டும் கேட்காதே, கண்ணு.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா