ராஜா தாவக்கூடாது

1933 ஜூன் 5
காலையிலிருந்து மழை. லேஸ் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வந்தவர்களும் நூலைச் சிக்காக்கினார்கள்.

சாயங்காலம் வாசகசாலையிலிருந்து இவர் துள்ளிக்கொண்டு வந்தார். சதுரங்கப் போட்டியாம், வெள்ளிக் கோப்பையாம், காரியதரிசி இவராம். விதிகளை வாசித்துக் காட்டினார். இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரியவேண்டும். கோட்டு போட்டு வரவேண்டும். சீமை முறையில் ஆடத் தெரியவேண்டும்.

மூன்றும் எனக்கு உண்டே? கோட்டு இவருடையது, அவ்வளவுதான்.

“பொம்பளைக்குக் கூடாதுன்னு எங்க இருக்கு?” என்றேன். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜூன் 6
பெயர் கொடுத்துவிட்டேன். மிஷன் போர்டிங்கில் படிக்கும்போது துரைசானியம்மா கற்றுத்தந்த ஆட்டம். கல்யாணத்துக்குப் பிறகு இவரோடு மட்டும் ஆடி அலுத்துவிட்டது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் இவருக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு தடவையாவது வேறு ஆளோடு ஆடவேண்டும். கோட்டாறு ஜவுளிக்கடை மைதீன் கனியோடு என்றால் இன்னும் நல்லது. அவரை யாரும் ஜெயித்ததில்லையாம்.

ஜூன் 12
என் ஒருத்திக்காகக் கமிட்டி கூடியிருக்கிறது! தலைவர் பகவதியப்பன் வக்கீல் சொன்னாராம்: “பொம்பள வேண்டாம்னு எழுதுனா துரைசானிமாருக்கு வருத்தம் வரும். பரீட்சை வச்சிருவோம். தானா தோத்துப் போயிருவா.”

ஆகவே புது விதி. பெயர் கொடுத்த எல்லோரும் காரியதரிசியோடு ஒரு சீமை ஆட்டம் ஆடிக் காட்டவேண்டும். ஒரு தப்பு செய்தாலும் ஆள் வெளியே.

ஜூன் 17
கோட்டுக்குள் முந்தானையை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கை எங்கே என்று தேடித்தான் காயை நகர்த்தினேன்.

முதலில் வக்கீல். இங்கே நாட்டு ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். சீமை ஆட்டத்தில் அது கிடையாது. நெருக்கடி வந்ததும் வக்கீலின் ராஜா தாவிவிட்டார்.

“அண்ணாச்சி, தாவப்படாது,” என்றார் இவர், புத்தகத்தைக் காட்டி.

“எங்க அப்பா தாவுனாரு. நானும் தாவுவேன்.”

வக்கீல் வெளியே. அடுத்து வந்த மரியஜான் சாரும் தாவினார். மைதீன் கனி ராஜாவைத் தூக்கிவிட்டார், பிறகு ஞாபகம் வந்து அந்தரத்தில் நிறுத்தினார். “கை கேக்க மாட்டேங்கு,” என்று சொல்லித் தாவியே வைத்தார்.

நான் தப்பே செய்யவில்லை. இவருக்குத் தலைவலி.

ஜூன் 18
கோவிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தேறியது நான் ஒருத்திதானாம். அதனால் போட்டியே வேண்டாமாம்.

எனக்கெதுக்கு கோப்பை? ஆடணும்னுல்லா கேட்டேன்! அழுகைதான் வந்தது. “கோப்பை நல்லாத்தான இருக்கு ஜெபா,” என்கிறார் இவர். அதில் புளியைப் போட்டு வைத்தேன்.

ஜூன் 24
மைதீன் கனி, மனைவி சைனப் பீவியோடு வீட்டுக்கு வந்தார். கக்கத்தில் சதுரங்கப் பலகை.

“டீச்சரே, கோப்பை உங்களுக்கே இருக்கட்டு. எனக்கு ஆட்டம்தான் வேணும். ஆனா என் ராஜா தாவுவான், பாத்துக்கிடுங்க.”

“இங்க தாவலாம்,” என்றேன்.

தோற்றேன். எத்தனை சந்தோஷம்!

ஜூலை 8
சனிக்கிழமையானால் கமிட்டி முழுவதும் இப்போது நம் வீட்டில்தான். வக்கீல்கூட வருகிறார். விதி ஒன்றே ஒன்று: தோற்கிறவர்கள் தலைவலி என்று சொல்லக்கூடாது. அதைக் கேட்டும் கேட்காததுபோல இவர் கடுங்காப்பி போடுகிறார்.

இன்று மைதீன் கனி என்னை மூலையில் ஒதுக்கிவிட்டார். நான் பிறந்ததிலிருந்து செய்யாததைச் செய்தேன். தாவினேன். ஜெயித்துவிட்டேன்.

அவர் பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“சைனபு, வா, வீட்டுக்குப் போவோம். தலைய வலிக்கு.”