நடுக்கத்துக்குப் போட்ட ஊசி

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்துவிட்டார்கள். போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் குரல் கேட்டால் எனக்குப் பேச வராது. அவர் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதே, இப்போது உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பாப்பாவை வெளியே எடுத்ததும் எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. "அக்கா, கை நிக்க மாட்டேங்குது, பாப்பாவ எப்படிப் பிடிப்பேன்?" என்றேன். நீ இன்னொரு ஊசி போட்டாய். கண் விழித்தபோது அவள் இல்லை. அவரும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அது தூங்க வைக்கும் என்று தெரிந்துதான் போட்டாயா?

உன் தங்கை

மார்ச் 14

என் கண்ணுக்கு,

பதினாறு வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். முதுகில் ஊசி போட்டால் பாதிப் பேருக்கு இப்படி உதறும். சூடான காற்றுப் போர்வையைப் போட்டுப் பேச்சுக் கொடுத்தாலே பலருக்கு அடங்கிவிடும். உனக்கும் அடங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் குழந்தை டாக்டர் என்னிடம் வந்து, பாப்பாவின் இருதயம் தாங்காது, கொஞ்ச நேரம்தான் என்றார். அம்மாவிடம் கொடுக்கலாமா என்றும் கேட்டார். நான்தான், "வேணாம், அவ தாங்க மாட்டா" என்று சொல்லி ஊசியை ஏற்றினேன். நடுக்கத்துக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். பாதிதான் உண்மை.

நாற்பது நிமிடம் இருந்தாள். என் கையில்தான் இருந்தாள். உனக்கு நல்லது செய்வதாக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

அக்கா

மார்ச் 20

அக்கா,

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. படித்துவிட்டுத் துணி மடித்தேன். உன் மேல் கோபம் வரும் என்று மூன்று நாள் பார்த்தேன். வரவில்லை. மன்னிக்கவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாற்பது நிமிடத்தை ஒரு வரியில் முடித்துவிட்டாய். கண்ணைத் திறந்தாளா, அழுதாளா, உன் விரலைப் பிடித்தாளா, யார் ஜாடை, கடைசியில் எப்படி இருந்தாள்? ஒரு நிமிடம் விடாமல் எழுது. எத்தனை பக்கமானாலும் சரி, எனக்கு வலிக்கும் என்று எதையும் விடாதே.

அதைப் படித்த பிறகு, நீ வருவதைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளுடைய அம்மா