வர இயலாத நாட்கள்

த்ரென்சீன்
கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள்

அன்பு மகள் வியெர்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும் கெண்டை மீனும் நலம். கனடாவில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் எப்படி என்று எழுது. சிரிக்காதே, நீ வருகிறாய் என்றுதான் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வழக்கம்போல உயிர்மீனாக வாங்கி வந்தேன். அதை வெட்டுவது எப்போதும் உன் அப்பா, அவர் போனபிறகு நீ. நீ வரவில்லை என்றானதும் எனக்குக் கை எழவில்லை. பண்டிகை இரவில் முட்டைக்கோஸ் சூப்பும் உருளைக்கிழங்கு சாலடும் மட்டும் சாப்பிட்டேன். எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு அதிகம் வைப்போமே, அதையும் வைத்தேன். அன்றைக்குத் தனிமை தாங்கமுடியாமல் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

உன்னோடு வேலை செய்யும் பெண் காய்ச்சலில் படுத்து உன் லீவு ரத்தானால் நீ என்ன செய்வாய், உன்மேல் வருத்தமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட நினைத்தேன், முடியவில்லை. பிரான்சில் இருக்கும் அந்தப் பெரிய எக்ஸ்ரே கூடத்தில் எங்கள் கண்ணாடியைப் படமெடுத்து ஆராய, எத்தனையோ தடவை விண்ணப்பித்த பிறகு எங்களுக்குக் கிடைத்த நாட்கள், நீ வந்து இறங்குவதாக இருந்த நாட்களிலேயே விழுந்தன. மாற்றித் தரமாட்டார்கள். என்னிடம் படித்து இப்போது என்னோடு வேலை செய்யும் ரதோவானை அனுப்பிவிட்டு நான் வீட்டிலிருந்தேன். "உங்க மக என்ன சின்னப் பிள்ளையா, சாவியக் குடுத்துட்டுக் கிளம்புங்க மேடம்" என்று கெஞ்சினான், நான் அசையவில்லை. வர முடியவில்லை என்று உன் ஃபோன் வந்தபோது அவன் அங்கே போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கியிருந்தான்.

எலும்பில் விழுந்த குழியில் வைத்தால் மெல்லக் கரைந்து அங்கே எலும்பை வளரவிடும் கண்ணாடி அது, உனக்குத் தெரியும். அதைச் சிறு மணிகளாக்கிச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும்போது படிகம் முளைத்துவிட்டால் சரியாக ஒட்டாது, பிறகு உடம்பில் கரைவதும் தாமதம். படிகம் முளைப்பது மணியின் உள்ளேயா மேற்பரப்பிலா என்றுதான் எனக்கும் அவனுக்கும் இத்தனை வருடச் சண்டை. இந்தமுறை உலையில் வைத்தபடியே உள்ளும் புறமும் விடாமல் படமெடுத்தான். மறுநாளே கூப்பிட்டு, "மேற்பரப்புலதான் மேடம், நான் தோத்துட்டேன், பீர் என் செலவு" என்றான். பக்கத்து மணியோடு ஒட்டிய இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லையாம், ஒட்டாமல் தனியாகக் கிடந்த மணிதான் முதலில் சுற்றிலும் படிகம் முளைத்து இறுகிப்போனதாம். நான் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதைப் பார்க்க அங்கேயும் நான் இல்லை, இங்கே நீயும் இல்லை. அவனுக்கு அது தெரியாது, "மீனு குளிச்சு முடிச்சுருச்சா, நீங்க எப்பக் குளிப்பீங்க" என்று கிண்டல் வேறு.

நாளைக்கு மீனை வாளியில் எடுத்துப்போய் வாஹ் ஆற்றில் விட்டுவிடுவேன். அதன்பிறகு வீட்டில் தண்ணீர் அளையும் சத்தமும் இருக்காது.

வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ, இரவு வேலையில் பட்டினி கிடக்காதே. கடவுள் உன் கூடவே இருக்கட்டும், நீ நன்றாக இரு. ஒன்று மறந்துவிடாதே. கோடையில் அந்த எக்ஸ்ரே கூடத்துக்குப் போக மறுபடி விண்ணப்பிக்கிறோம், எங்களால் எந்த நாட்களில் வர இயலாது என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் நிரப்பிவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நீ வரும் தேதியை எழுது.

உன் அம்மா
த்ராஹோமீரா