விளக்கு அணையும் வரை

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் "சரி, விடும்மா" என்றதும் நான் போனை வைத்துவிடுகிறேன். எழுதினால் கடைசி வரி வரை என்னால் பேச முடியும்.

நீங்கள் இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டிய அதே முதலாளியின் மலைமேல் கிளைப் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தபோது சந்தோஷப்பட்டீர்கள். இங்கே குளிர் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். காலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஐஸ் நிற்கிறது. டீசல் பிக்கப்புகள் லேசில் கிளம்புவதில்லை. அதற்காகத்தான் இந்தப் புது வண்டிகளில் எஞ்சினுக்குள் காற்று போகும் வழியிலேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள், ரொட்டி வாட்டும் டோஸ்டரின் கம்பி மாதிரி. சாவியைப் பாதி திருப்பினால் மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இருபது விநாடிதான்.

அந்த இருபது விநாடிக்கு இங்கே யாருக்கும் பொறுமை இல்லை. பழைய வண்டிப் பழக்கத்தில் காற்றுக் குழாய்க்குள், சட்டென்று தீப்பிடிக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். சிவக்கக் காய்ந்த கம்பியில் அது பட்டால் வெடிக்கும். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஹெட் மெக்கானிக் அந்தத் தாளிலேயே கையைத் துடைத்தார். "காத்தைச் சூடு பண்ணுவாங்களாம். அப்படியே ஒரு டீயும் போட்டுக் குடும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை காலை மூன்றாம் நம்பர் வண்டி கிளம்பவில்லை. ஹெட் மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டு, அந்த வண்டியின் டிரைவர் நெட்டையண்ணன் கையில் ஸ்ப்ரேயைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். குழாய் வெடித்துப் பிய்ந்தது. அண்ணனின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நீ ஒட்டுன தாளை நான் படிச்சேன்மா. படிச்சிட்டுத்தான் அடிச்சேன்."

அந்த ஹீட்டர் பழுதானபோது போன மாதம் புதிது மாட்டியவள் நான். வயரிங்கில் நான் செய்த பிழையால்தான் வெடித்தது என்று எழுதி, மேனேஜர் கையெழுத்துக் கேட்கிறார். ஹீட்டரைக் கழற்றி அவர் மேசைக்கு முன்னாலேயே பேட்டரியில் இணைத்துக் காட்டினேன். நன்றாகச் சிவந்தது. அவரும் பார்த்தார். "நல்லாத்தான் வேலை செய்யுது. அதுக்கென்ன? கையெழுத்தைப் போடு" என்றார்.

நான் போடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகள்


ஜனவரி 15

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் பாதிதான் படித்துக் காட்டினேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும்? நீ சின்னப் பெண், கற்றுக்கொள்ளும் வயது, மன்னித்துவிடுவார்கள். ஹெட் மெக்கானிக்கை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், வாய்தான் அப்படி. பெரியவர்களிடம் பணிந்து போவதில் தப்பில்லை.

நீ கோபித்துக்கொள்ளாதே. நானே முதலாளிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி நேரில் கொடுத்துவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு எழுதித் தந்த பழைய மன்னிப்புக் கடிதம் ஒன்றின் நகல் பெட்டியில் இருந்தது. அதைப் பார்த்தே எழுதினேன். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார், காபி கொடுத்தார்.

கம்பளி அனுப்புகிறேன். காதை மூடிக்கொள்.

அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்பளி வந்தது. போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதினீர்கள்? பிரேக் பிடிக்கவில்லை என்று நீங்கள் மூன்று முறை சொல்லியும் கேட்காமல் அனுப்பி, வண்டி சுவரில் மோதியதே, அதற்கு எழுதியதா? சரக்கு நனைந்ததற்கா? தார்ப்பாய் கிழிந்தது என்று முதல் நாளே சொன்னீர்களே. ஒன்பதாம் வகுப்பிலிருந்து உங்களுக்காக ஐந்து மன்னிப்புக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன் அப்பா. "இனி இவ்வாறு நேராது" என்று ஒவ்வொன்றிலும் முடித்தேன். ஒன்றில்கூடத் தவறு உங்களுடையது இல்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதில் மயங்கிப்போயிருந்தேன்.

ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும் என்கிறீர்கள். என் பிழை என்று ஆகிவிட்டால் ஸ்ப்ரே பிழையில்லை என்று ஆகிவிடும். இப்போதே மற்ற ஒன்பது வண்டிகளிலும் ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் மேனேஜர், இனிமேல் தாராளமாக அடிக்கலாமாம். ஒன்பதையும் நான் திரும்ப மாட்டினேன். மறுநாள் பிடுங்கியிருந்தார்கள். மறுபடி மாட்டினேன். நேற்று ஒரு டிரைவர் என்னைப் பார்த்துக்கொண்டே சாவியைப் பாதி திருப்பி, விளக்கு அணையும் வரை உட்கார்ந்திருந்தார். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. ஹெட் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. முதலாளி வருகிறார். நெட்டையண்ணன் கைக்கட்டோடு வந்து நடந்ததைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்ப்ரே டப்பாவும் ஹீட்டரும் என் பையில் இருக்கின்றன. வேலை போனால் போகட்டும். ஆனால் என் பேச்சுக்கு எதிராக அவர்கள் மேசைமேல் வைக்கப்போவது ஒன்றே ஒன்றுதான். நான் எழுதிய வரிகள், உங்கள் கையெழுத்தில்.

இவ்வளவு நேரம் சொல்லத் தயங்கியது இதுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் முதலாளி வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கேளுங்கள். தரவில்லை என்றால் இன்னொன்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், எதையும் பார்த்து எழுதாமல், நீங்களாக. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். "என் மகள் செய்தது சரி" என்று ஒரு வரி போதும்.

உங்கள் மகள்