வின்னி அக்காவின் ஸ்லம்கல்லியன்

சர்க்கில்வில், ஒஹாயோ
1956 பிப்ரவரி 6

அன்புள்ள வின்னி அக்காவுக்கு,

லூயெல்லா எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடம் கழித்து இவள் எழுதுகிறாளே, யார் போய்விட்டார்களோ என்று பதறாதே. யாரும் போகவில்லை, இன்னும். உன் கிறிஸ்துமஸ் அட்டையிலிருந்துதான் விலாசத்தை எடுத்தேன்.

அம்மா மூன்று வாரமாகச் சாப்பிடுவதில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது. சாப்பிட்டால் எழுந்துவிடுவாள், இல்லாவிட்டால் மாதக் கடைசியைத் தாண்டமாட்டாள் என்கிறார் டாக்டர்.

அவள் கேட்பது ஒன்றே ஒன்று. "ஸ்லம்கல்லியன் வேணும். வின்னி செய்வாளே, அது." மக்ரோனி, மாட்டுக் கொத்துக்கறி, தக்காளி, இதில் என்ன பெரிய வித்தை என்று நானே நம் ஊர்ப் பாணியில் அதை ஜானி மார்செட்டியாகச் செய்தேன். மேலே சீஸ் உருக ஓவனில் வைத்து எடுத்தது, ஊரே சப்புக்கொட்டும். "பள்ளிக்கூடத்துல போடறதை எனக்கு ஏண்டி கொண்டாந்தே?" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். பக்கத்து வீட்டு ஆர்லீன் அயோவாக்காரி. பாவம், தன் ஊர் வழக்கப்படி அதையே கூலாஷ் என்று ஹங்கேரிப் பேரில் செய்து கொண்டுவந்தாள். "ஹங்கேரிக்காரன் எவனாச்சும் வந்தா குடு" என்றாள் அம்மா, அவள் முகத்துக்கு நேராகவே.

அம்மா சோளத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போன நாட்களில் நீதானே சமைத்தாய்? நான் சின்னப் பிள்ளை. தட்டை வழித்துத் தின்றதுதான் நினைவிருக்கிறது. எப்படிச் செய்வாய் என்று எழுதி அனுப்பு. முடிந்தால் நீயே வந்துவிடேன்.

உன் அன்புத் தங்கை,
லூயெல்லா

லோவெல், மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 11

அன்புத் தங்கை லூயெல்லாவுக்கு,

நாங்கள் நலம். என் வீட்டுக்காரர் அர்மாண்டுக்கு ஆலைத் தூசியால் இருமல்தான் நிற்கவில்லை. நீ எழுதியது சந்தோஷம். அம்மா பட்டினி கிடந்தால்தான் உனக்கு அக்கா நினைவு வரும் போலிருக்கிறது.

இங்கே அதை அமெரிக்கன் சாப் சூயி என்கிறார்கள். சீனாக்காரன் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பான். குடைமிளகாய் உண்டு, சீஸ் கிடையாது, அடுப்பிலேயே வேலை முடிந்துவிடும். பேர் எதுவானால் என்ன? கொஞ்சம் கறியை வைத்து எட்டு வயிற்றை ஏமாற்றுவதுதான் எல்லா ஊரிலும்.

நான் அங்கே செய்த விதத்தைத் அளவோடு தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வெங்காயம் கருகும் வரை வதக்கு. அப்புறம் கறி. டப்பாத் தக்காளியைக் கையால் பிசைந்து ஊற்று. மக்ரோனியை அரைவேக்காட்டில் இறக்கு.

நான் வருவதற்கில்லை. கத்தோலிக்கனைக் கட்டியவள் என் படி ஏறக்கூடாது என்று சொன்னது அம்மாதான். நான் என்றைக்கும் அவள் சொல்லைத் தட்டாத பிள்ளை.

அன்புடன்,
வின்னி

சர்க்கில்வில்
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சீட்டில் இருந்தபடியே செய்தேன், ஒரு வரி பிசகவில்லை. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றாள். பிறகு சிரித்தாள், அக்கா! "ஒண்ணை விட்டுட்டா" என்றாள்.

"எதைம்மா?"

"அவளைக் கேளு. நம்ம சர்ச்சுப் பொம்பளைங்க பிடிக்காதவளுக்குச் சமையல் சீட்டு எழுதினா எப்படி எழுதுவோம்? ஒண்ணை முழுங்கிட்டுத்தானே?"

அதோடு கரண்டியை வைத்துவிட்டாள். நானும் போதகர் மனைவிக்கு அப்படி எழுதிக் கொடுத்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இது அம்மா, அக்கா. கையெல்லாம் குச்சியாகிவிட்டது. எதை விட்டாய் என்று உடனே எழுது, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

லூயெல்லா

லோவெல்
பிப்ரவரி 18

லூயெல்லா,

ஆமாம், விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்.

எனக்கு ஒரு பெண் பிறந்தது உனக்குத் தெரியுமா? கிளாடெட். நாலு மாதம் இருந்தாள். மூச்சுத் திணறிச் செத்தாள். அந்த வாரம் அம்மாவுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரு வார்த்தை வரவில்லை. தபால்காரர் தெருவில் நுழையும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன், ஒரு வருடம் முழுக்க. கடிதத்துக்குக் காத்துக்கிடப்பது என்னவென்று அவளும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

அதிகம் கேட்கவில்லை. கிளாடெட் என்று அவள் கைப்பட எழுதி அனுப்பட்டும். ஒரே ஒரு வார்த்தை. மறு தபாலில் சொல்லிவிடுகிறேன்.

வின்னி

சர்க்கில்வில்
பிப்ரவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துக் காட்டினேன். குழந்தை விஷயம் அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அம்மா காகிதம் கேட்டாள். பென்சிலைப் பிடித்தபடி காலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். முடியவில்லையோ என்று கையைப் பிடித்து எழுதப் போனேன். "விடுடி. எழுதிட்டா அவ குடுத்துடுவா. அப்புறம் தோத்தது நான்தானே?" என்று பென்சிலைக் கீழே போட்டாள்.

பிறகு தானாகவே சொன்னாள். "அது காப்பி. காலையில மிஞ்சினது அரைக் கோப்பை. அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும், அக்கா! நான் அடுப்படிக்கு ஓடி, காப்பியை ஊற்றிச் செய்து கொண்டுவந்தேன். கரண்டியைத் தொடவில்லை. "நீ ஊத்தினது எனக்கு எதுக்கு?" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் அவளுக்குச் சோறு போட்டவள் நான். உங்கள் இருவர் சண்டையில் நான் வெறும் தபால்காரி. கடைசி வரை என்னை ஒரு ஆளாக நீயும் மதிக்கவில்லை, அவளும் மதிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள். சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று ஆர்லீன் சொன்னாள், நான்தான் வேண்டாம் என்றேன். மரணச் செய்தி கொடுக்கப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். "எத்தனை பிள்ளைங்கம்மா அவங்களுக்கு?" என்று கேட்டார்கள். "ஒண்ணுதான்" என்றேன். அப்படியே போட்டிருக்கிறார்கள். வெட்டி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

லூயெல்லா